திறந்த அறிவியலின் கதை – 9: ஜகார்த்தாவிலிருந்து வராத பெட்டி

சென்ற அத்தியாயத்தைப் பெர்முடா தீவில் நிறுத்தியிருந்தோம். மனித மரபணுத் தொகுப்பைப் படித்துக்கொண்டிருந்த ஆய்வகங்கள் 1996 பிப்ரவரியில் அங்கே கூடின. கண்டறிந்த மரபணு வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைத்துவிடுவது என்று முடிவெடுத்தன. நல்ல முடிவுதான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய சமமானவர்கள். எல்லோரிடமும் இயந்திரம் இருந்தது, பணமும் இருந்தது. இன்று நான் போட்டதை நீ எடுத்துக்கொள், நாளை நீ போட்டதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஒரு நாட்டிடம் நோயாளிகள் மட்டும் இருந்து, இயந்திரமும் தொழிற்சாலையும் காப்புரிமை வக்கீலும் இன்னொரு நாட்டிடம் இருந்தால் என்ன ஆகும்? இந்த வாரக் கதை அதுதான். நடந்த இடம் இந்தோனேசியா.

முதலில் ஒரு ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் சட்டை மாற்றுகிற கிருமி. சென்ற ஆண்டின் தடுப்பூசி இந்த ஆண்டு உதவாமல் போகலாம். அதனால் எந்த நாட்டில் எந்த வகை உலவுகிறது என்பதைக் கண்காணிக்க 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வலையமைப்பை உருவாக்கியது. உறுப்பு நாடுகள் தங்கள் நோயாளிகளின் மாதிரிகளை அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ போன்ற இடங்களில் உள்ள சில மைய ஆய்வகங்களுக்கு அனுப்பும். அவை பகுப்பாய்வு செய்யும். ஆண்டுக்கு இரண்டு முறை வல்லுநர்கள் கூடி, அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எந்த வகை இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைப்பார்கள். தடுப்பூசிக்கான வித்து வைரஸ் கம்பெனிகளுக்குப் போய்ச் சேரும்.

மாதிரி அனுப்புவது எளிய வேலை இல்லை. நோயாளியின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சிறு குழாயில் அதை முக்கி, குச்சியின் நுனியை உள்ளேயே ஒடித்துவிட்டு மூடியைத் திருக வேண்டும். குழாயைச் சுற்றி உறிஞ்சுதாள். அதன்மேல் கசியாத இன்னொரு டப்பா. அதற்கு வெளியே கெட்டியான பெட்டி, பெட்டி நிறைய ட்ரை ஐஸ். குளிர் குறைந்தால் வைரஸ் செத்துவிடும், அவ்வளவு பாடும் வீண். பறவைக் காய்ச்சல் நோயாளி என்றால், மாதிரி எடுக்கும் செவிலியரின் உயிருக்கே ஆபத்து. இத்தனை செய்து அனுப்புகிற பெட்டிக்கு விலை கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, இந்த வைரஸை வைத்து நாளை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வரி எழுத்து கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. நம்பிக்கையின் பேரில் நடந்தது என்று சொல்வார்கள். கேட்க யாரும் இல்லாததால் நடந்தது என்றும் சொல்லலாம்.

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. அங்கே லட்சக்கணக்கான கோழிகளைக் கொன்று அதை அடக்கினார்கள். 2003க்குப் பிறகு அது மறுபடி தலைகாட்டியது. 2005 ஜூலையில் இந்தோனேசியாவில், ஜகார்த்தாவை ஒட்டிய தங்கெராங்கில், ஒரு தந்தையும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் இறந்தார்கள். நாட்டின் முதல் மனிதத் தொற்று அது. அடுத்த ஆண்டு மட்டும் 55 பேருக்கு நோய், 45 பேர் மரணம். உலகிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட நாடாக இந்தோனேசியா ஆனது.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் சிதி ஃபாதிலா சுபாரி. இதய மருத்துவர். 2004இல் பதவிக்கு வந்தவர். அவருக்கு முதல் அடி டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மாத்திரையில் விழுந்தது. தன் நாட்டில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நோயாளிகூட இல்லாத பணக்கார நாடுகள் அந்த மாத்திரையை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டன, எங்களுக்குச் சந்தையில் கிடைக்கவில்லை என்று அவர் பிற்பாடு எழுதினார். இரண்டாவது அடி, நோயை உறுதிசெய்ய மாதிரிகளை ஹாங்காங்குக்கும் அட்லாண்டாவுக்கும் அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது அடிதான் நம் தொடருக்கு முக்கியம்.

2006 மே மாதம் வடக்கு சுமத்ராவின் காரோ மாவட்டத்தில், குபு செம்பெலாங் என்ற மலைக் கிராமத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேரைக் காய்ச்சல் பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவத் தொடங்கிவிட்டதா என்று உலகமே பதறியது. மரபணு வரிசையைப் பார்த்தால்தான் தெரியும். வரிசை இருந்தது. ஆனால் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், கடவுச்சொல் போட்ட தரவுத்தளம் ஒன்றில் இருந்தது. உள்ளே நுழைய உரிமை பெற்ற ஆய்வகங்கள் உலகம் முழுவதும் பதினைந்து அளவில்தான். மாதிரி கொடுத்த நாட்டின் விஞ்ஞானிகளுக்கே கதவு மூடியிருந்தது. மூடியதற்குத் தரவுத்தளத்தை நடத்தியவர்கள் சொன்ன காரணம் முழுக்க அநியாயமானது என்று சொல்ல முடியாது: ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிடும் வரை அவர்கள் தரவைப் பிறர் எடுத்துவிடக்கூடாது. ஆனால் காத்திருக்கிற நேரத்தில் ஆட்கள் சாகிறார்களே?

இந்தக் கதவை முதலில் உதைத்தவர் ஒரு இத்தாலியப் பெண். பதுவா நகருக்கு அருகில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்தின் வைரஸ் அறிஞர் இலாரியா காபுவா. 2006 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் முதல் எச்5என்1 நைஜீரியக் கோழிப்பண்ணையில் வெடித்தபோது மாதிரி அவரிடம் வந்தது. வரிசையை மூடிய தரவுத்தளத்தில் போட்டால் உங்களுக்கும் உள்ளே நுழைய அனுமதி தருகிறோம் என்றார்கள். மறுத்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஜென்பேங்க் என்ற தரவுத்தளத்தில் போட்டார். நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்று சக விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அறிவியல் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. (பிற்காலத்தில் வைரஸ் கடத்தினார் என்று இத்தாலியில் அவர்மேல் விசாரணை நடந்து, 2016இல் விடுவிக்கப்பட்டார். அது தனிக் கதை.)

காபுவாவின் துணிச்சலில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திறந்த அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பதுவாவில் நின்றுவிடுகிறார்கள், நைஜீரியாவின் வோம் நகரத்தில் உள்ள தேசியக் கால்நடை ஆய்வு நிறுவனம் வரை யாரும் போவதில்லை. பண்ணைக்குப் போய்ச் செத்த கோழியை எடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. திறந்துவிட்டவருக்குப் பெயர் கிடைத்தது, கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 2006 ஆகஸ்டில் சுபாரி ஒரு முடிவெடுத்தார். இந்தோனேசிய வைரஸ்களின் மரபணு வரிசைகளை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்க உத்தரவிட்டார். அதே மாதம் காபுவாவும் வேறு பலரும் சேர்ந்து, ஃப்ளூ தரவுகளைப் பகிரும் புதிய ஏற்பாடு ஒன்றை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஜிசெய்ட் என்ற பெயரில் 2008இல் அதன் தரவுத்தளம் இயங்கத் தொடங்கியது. தரவை எடுப்பவர் தன் பெயரைப் பதிய வேண்டும், கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய முயல வேண்டும் என்பது அதன் விதி. ஆக, திறந்த அறிவியலின் எதிரி என்று பின்னால் பட்டம் வாங்கப்போகிற சுபாரி, ஆகஸ்ட் மாதத்தில் அதன் முன்வரிசையில் நின்றார். இந்தத் தகவலை மறந்துவிட்டு மீதிக் கதையைச் சொன்னால் அது பொய்க் கதையாகிவிடும்.

* * *

2006 முடியும் தறுவாயில் ஒரு செய்தி ஜகார்த்தாவுக்கு எட்டியது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்எல் நிறுவனம் இந்தோனேசிய வைரஸ் வகையைக் கொண்டு பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. இந்தோனேசியாவிடம் யாரும் கேட்கவில்லை. மாதிரி கொடுத்த நாட்டின் ஒப்புதல் இல்லாமல் மைய ஆய்வகங்கள் வைரஸை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2005இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அதையும் மீறித்தான் இது நடந்தது.

தடுப்பூசி வந்தால் யாருக்குக் கிடைக்கும்? கணக்கு எளிது. அன்றைக்கு உலகத்தின் மொத்த ஃப்ளூ தடுப்பூசித் திறன் ஆண்டுக்குச் சுமார் 35 கோடி டோஸ். மக்கள்தொகை 650 கோடி. ஆலைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும். பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வரிசையில் நின்றுவிட்டன. விதைநெல் கொடுத்தவன் அறுவடை நாளில் களத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

2007 பிறந்தபோது ஜகார்த்தாவிலிருந்து பெட்டி வருவது நின்றது.

சுபாரியின் வாதத்துக்குச் சட்ட அடிப்படை 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை. ஒரு நாட்டின் எல்லைக்குள் இருக்கும் உயிர் வளங்களின்மேல் அந்த நாட்டுக்கே இறையாண்மை உண்டு என்கிறது அது. நம் வாசகர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள், இந்தியா வழக்காடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. மஞ்சளுக்குப் பொருந்தும் நியாயம் வைரஸுக்குப் பொருந்தாதா என்றுதான் சுபாரி கேட்டார். பொருந்துமா என்பது வேறு விஷயம். மஞ்சளை நாம் வளர்க்கிறோம். வைரஸை யாரும் வளர்க்கவில்லை, அதற்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. சட்ட அறிஞர்கள் இன்னும் இதைப் பேசித் தீர்த்தபாடில்லை.

பிப்ரவரியில் இந்தோனேசியா அமெரிக்காவின் பாக்ஸ்டர் கம்பெனியோடு தடுப்பூசிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. வைரஸுக்குச் சந்தை விலை பேசுகிறார்கள் என்று மேலைப் பத்திரிகைகள் கொதித்தன. இத்தனை காலம் கம்பெனிகள் செய்ததற்கு என்ன பெயர் என்று அவை கேட்கவில்லை. அதே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் டேவிட் ஹேமன் ஜகார்த்தாவுக்குப் பறந்து வந்தார். ஏற்பாட்டில் குறை இருக்கிறது என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. மார்ச்சில் ஜகார்த்தாவில் கூட்டம், மே மாதம் ஜெனீவாவில் தீர்மானம். வைரஸைப் பகிர்வதும் பலனைப் பகிர்வதும் சேர்ந்தே பேசப்பட வேண்டும் என்ற நிலை முதல்முறையாக ஏட்டில் ஏறியது.

சுபாரி அங்கே நிறுத்தியிருந்தால் இன்று அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். நிறுத்தவில்லை. 2008இல் 'உலகம் மாறவேண்டிய நேரம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். லாஸ் அலமோஸ் என்பது அணுகுண்டு செய்த இடமல்லவா, அங்கே எங்கள் வைரஸின் வரிசை எதற்கு, ஆயுதம் செய்யவா என்று கேட்டார். ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. எதிராளிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய நியாயமான கேள்விகளையும் அந்த ஒரு சந்தேகத்தோடு சேர்த்து ஓரம்கட்டிவிட்டார்கள். முன்னாள் அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக்கும் எழுத்தாளர் லாரி காரெட்டும் 2008 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட்டில் கடுமையாக எழுதினார்கள். வைரஸுக்கு இறையாண்மை பேசுவது உலக மக்களின் உயிரோடு விளையாடுவது என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. மாதிரி வராத அந்த மாதங்களில் கிருமி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்தச் சத்தத்தில் கேட்காமல் போன ஒரு குரல் உண்டு. எண்டாங் ரஹாயு செட்யானிங்ஸி. இந்தோனேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், பறவைக் காய்ச்சல் கிராமங்களுக்கு நேரில் போனவர். அவரும் சகாக்களும் 2008இல் சிங்கப்பூர் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் கோபமான சொல் ஒன்றுகூட இருக்காது. நடந்ததை அடுக்குகிறார்கள், அவ்வளவுதான். இந்தோனேசிய வைரஸின் தரவுகளை வெளிநாட்டு ஆய்வாளர்கள் மாநாடுகளில் படித்தார்கள், எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் மாதிரியை வைத்து எழுதி முடித்த கட்டுரையைக் கடைசி நேரத்தில் அனுப்பி, துணை ஆசிரியராகப் பெயர் போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன மனத்தாங்கலாகத் தெரியலாம். ஆய்வு உலகில் வாழ்கிறவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கட்டுரையில் முதல் பெயராக இருந்தால் நிதி வரும், நிதி வந்தால் இயந்திரம் வரும், இயந்திரம் வந்தால் அடுத்த முறை பெட்டியை வெளியூருக்கு அனுப்ப வேண்டியதில்லை. கடைசிப் பெயர்களில் ஒன்றாக இருப்பவர் வாழ்நாள் முழுவதும் பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார். சுபாரி பேசிய தடுப்பூசி நியாயத்தைவிட, எண்டாங் பேசிய இந்த நியாயம்தான் பிரச்சினையின் வேரைத் தொட்டது என்பது என் கணிப்பு.

* * *

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. இடையில் 2009 ஏப்ரலில் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் வந்தது. இம்முறை மெக்சிகோ தாமதிக்காமல் மாதிரிகளைக் கொடுத்தது. தடுப்பூசியும் வேகமாகத் தயாரானது. பணக்கார நாடுகள் முன்பதிவு செய்தபடி வாங்கிக்கொண்டன. ஏழை நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வழியாக முதல் டோஸ்கள் போய்ச் சேர்ந்தது 2010 ஜனவரியில், அலை ஓய்ந்தபிறகு. கடைசிக் கணக்கு, 77 நாடுகளுக்கு 7.8 கோடி டோஸ். அதிர்ஷ்டவசமாக அந்த வைரஸ் பயந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் சுபாரி மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அது அப்படியே நடத்திக் காட்டிவிட்டது.

இதற்கிடையே 2009 அக்டோபரில் ஜகார்த்தாவில் புதிய அமைச்சரவை. சுபாரி போனார். அவர் இடத்துக்கு வந்தவர் எண்டாங். வைரஸை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர் இவர் என்று அப்போது அவர்மேல் குற்றச்சாட்டு கிளம்பியது. அவர் மறுத்தார், வேலையைப் பார்த்தார்.

நார்வேயும் மெக்சிகோவும் தலைமை தாங்கிய குழு 2011 ஏப்ரலில் பேசி முடித்தது. மே 24 அன்று உலக சுகாதாரப் பேரவை அதை ஏற்றது. கொள்ளைநோய் ஃப்ளூ ஆயத்தச் சட்டகம் என்று அதைச் சொல்லலாம். இனிப் பெட்டிக்கு ஒப்பந்தம் உண்டு. எந்தக் குழாய் எந்த ஆய்வகத்துக்குப் போனது என்று பின்தொடரும் பதிவேடு உண்டு. பகிரப்பட்ட வைரஸின்மேல் ஆய்வகங்கள் உரிமை கோரக்கூடாது. வைரஸைப் பெறும் தடுப்பூசிக் கம்பெனிகள் பட்டியலில் உள்ள பலன்களில் இரண்டையாவது தர ஒப்புக்கொள்ள வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் உற்பத்தியாகும் தடுப்பூசியில் குறைந்தது 10 சதவீதத்தை இலவசமாகக் கொடுப்பது அவற்றில் ஒன்று. கண்காணிப்பு வலையமைப்பின் செலவில் பாதியை, அதாவது ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டாலரை, கம்பெனிகள் ஏற்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு பிரிவும் இருக்கிறது. மாதிரி தந்த நாட்டு ஆய்வக விஞ்ஞானிகளை, குறிப்பாக வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களை, ஆய்வுத் திட்டங்களில் முடிந்தவரை சேர்க்க வேண்டும், கட்டுரை எழுதும்போதே அவர்களை ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அது. சிங்கப்பூர் இதழில் எண்டாங் அடுக்கிய குறை, சர்வதேச ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஓராண்டுகூட அவர் வாழவில்லை. நுரையீரல் புற்றுநோயால் 2012 மே 2 அன்று இறந்தார்.

சுபாரிக்கு வேறு முடிவு. அமைச்சராக இருந்தபோது நடந்த மருத்துவக் கருவிக் கொள்முதல் ஊழல் வழக்கில் 2017இல் நான்கு ஆண்டு சிறை. அதை வைத்து அவருடைய வைரஸ் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மாதிரியை நிறுத்தியது ஆபத்தான ஆயுதம்தான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஐம்பது ஆண்டுகள் மரியாதையாகப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த நாடுகளுக்குக் கிடைக்காத 10 சதவீதம், ஒரு நாடு பெட்டி கட்ட மறுத்த நான்கே ஆண்டுகளில் கிடைத்தது என்பதும் வரலாறுதான்.

அந்த வெற்றியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 2011 ஒப்பந்தம் குழாயில் உள்ள வைரஸைப் பற்றிப் பேசியதே தவிர, கணினியில் உள்ள அதன் மரபணு வரிசையை அந்த வளையத்துக்குள் கொண்டுவரவில்லை. சோதனை சீக்கிரமே வந்தது. 2013 மார்ச் 31 அன்று சீனா எச்7என்9 என்ற புதிய பறவைக் காய்ச்சலின் வரிசையை ஜிசெய்டில் போட்டது. அமெரிக்காவில் கிரெய்க் வென்டரின் ஆய்வு நிறுவனமும் நோவார்டிஸ் கம்பெனியும் சேர்ந்து அதைப் பதிவிறக்கி, தேவையான மரபணுக்களை ரசாயனங்களிலிருந்து செயற்கையாகவே தயாரித்து, சில நாட்களுக்குள் தடுப்பூசிக்கான வித்து வைரஸை உருவாக்கும் வேலையில் இறங்கிவிட்டன. சீனாவிலிருந்து வைரஸ் அடைத்த பெட்டி அட்லாண்டாவில் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான்.

(தொடரும்)